நாலு பத்துக்குத் தொடங்கிய பதிவு

தெருமுனையில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைந்து கிடந்தால், யாராவது வண்டியில் வந்து சறுக்கி விழுவார்களே என்று மட்டும்தான் எனக்குத் தோன்றும். காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவேன். செத்தவர் கனவில் வந்தார், கதவைத் தட்டினார் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி அப்போது மணி என்ன என்பதுதான். பெரும்பாலும் அவர்களிடம் பதில் இருக்காது. என்னிடம் இருக்கிறது, அதனால்தான் எழுதத் துணிந்தேன். நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

என் பெயர் சேகர். வயது ஐம்பத்து நான்கு. மேற்கு மாம்பலத்தில் லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தரமணியில் ஒரு மருந்துக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை. இருபது வயதிலிருந்து தினமும் டைரி எழுதுகிறேன். எழுந்த நேரம், பஸ் எண், சாப்பிட்டது, பார்த்த ஆள், தூங்கிய நேரம், இவ்வளவுதான் இருக்கும், கவிதை எல்லாம் இருக்காது. அலமாரியில் வருடவாரியாக அடுக்கியிருக்கிறேன். நடுவில் மூன்று வருடத்துக்கு மட்டும் டைரி கிடையாது. அந்த மூன்று வருடமும் நான் சிலேட்டில் எழுதினேன்.

சிலேட்டு என்பது நாங்கள் வைத்த பெயர். அப்போது நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் டாக்டர்களை எல்லாம் பை தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கும் வேலை. கம்பெனி எங்கள் எல்லோருக்கும் உள்ளங்கை அளவில் ஒரு கைக்கருவி கொடுத்தது. தொடுதிரை, எழுத ஒரு பிளாஸ்டிக் குச்சி, ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரே இழுப்பில் ஒரு கோடு. எந்த டாக்டரைப் பார்த்தோம், என்ன சொன்னார் என்பதை அதில் பதிய வேண்டும். நான் 'சொந்தம்' என்று ஒரு பொய் டாக்டரை உண்டாக்கி, தினமும் அந்தப் பெயரின் கீழ் குறிப்புப் பெட்டியில் என் டைரியை எழுதிவந்தேன். தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் எழுதுவேன், கருவிக்குத் தமிழ் தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. டாக்டர்கள் மாலையில்தான் எங்களை உள்ளே விடுவார்கள், எட்டு மணிகூட ஆகும். அதற்குப் பிறகு உட்கார்ந்து ரிப்போர்ட் எழுத யாருக்கும் உடம்பில் தெம்பு இருக்காது. அதனால் மதியம் ஒரு மணிக்கே டீக்கடையில் உட்கார்ந்து, மாலை பார்க்கப்போகிற நாலு டாக்டரையும் பார்த்தாகிவிட்டது என்று முன்கூட்டியே எழுதிவிடுவோம். 'டாக்டர் பிஸி. சாம்பிள் கொடுத்தேன்.' இது எல்லோருக்கும் கைவந்த வாக்கியம். பாதி நாள் எழுதியபடியே நடக்கும், பாதி நாள் நடக்காது. பதிவின் உண்மையான நேரத்தை அந்தப் புரோகிராம் எங்கள் கண்ணில் படாமல் தனியாகக் குறித்துவைக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது, மூன்று பேருக்கு வேலை போனது. நான் தப்பித்தேன். ஆனால் பழக்கம் டாக்டர்களோடு நிற்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து 'சொந்த'த்தையும் முன்கூட்டியே எழுதும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தேன். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். கூட இருக்க நான் ஒருவன்தான். அப்பா ஓய்வுபெற்ற ஸ்டெனோகிராஃபர். மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்ததால் பேச முடியாது, காகிதத்தில் எழுதினால் பேனா நழுவும். சிலேட்டைக் கொடுத்தேன். ஒற்றை இழுப்பு எழுத்துகளை அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டார், எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. சுருக்கெழுத்துக்காரர் ஆனதால் உயிர் ஒலிகளை எல்லாம் விழுங்கிவிட்டு எழுதுவார். தண்ணி, ஜன்னல், ஃபேன் குறை என்று அவர் எழுதியதைப் படித்ததும் நினைவகம் நிரம்பாமல் இருக்க அழித்துவிடுவேன். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் வியாழக்கிழமை. மதியம் பன்னிரண்டு மணிக்கு டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, நெருங்கியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். நெருங்கியவர் என்றால் லலிதா அக்கா மட்டும்தான். திருச்சியில் பள்ளிக்கூட டீச்சர், நாலு மணிக்கு வீடு திரும்புவாள். நாலு மணிக்குப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, எதிரே டீக்கடைக்குப் போய் உட்கார்ந்து, வழக்கம்போல எழுதினேன். திரும்பி வந்து அப்பாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று ராத்திரி தூங்கவில்லை. அடுத்து எனக்கு நினைவிருப்பது, விளக்குப் போட்டாகிவிட்டது, நர்ஸ் டீ கொண்டுவந்து நிற்கிறாள். அப்போது மணி ஆறு.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு அப்பா போய்விட்டார். அதன் பிறகுதான் அக்காவுக்குச் சொன்னேன். சாயங்காலம் வந்து சேர்ந்தாள். பத்தாம் நாள், உறவுக்காரர்கள் இருக்கும்போது, ஏன் ஒரு நாள் முன்னால் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை என்றேன். நான் நாலு மணிக்கு வீட்டில்தான் இருந்தேன், ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன் என்றாள். நான் சிலேட்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். வியாழன், நாலு பத்து, அக்காவுக்கு ஃபோன், எடுக்கவில்லை.

அதோடு என் வீட்டுக்கு வருவதை அக்கா நிறுத்திவிட்டாள். கல்யாணங்களில் பார்ப்போம், சாப்பிட்டாயா என்று கேட்பாள், அவ்வளவுதான். நான் ஃபோன் செய்தேனா என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. எழுதியிருந்தது என் எழுத்து. ஆனால் 'டாக்டர் பிஸி' என்று எழுதியதும் அதே கைதான். முப்பத்து நான்கு வருடமாகத் தினமும் எழுதுகிறவனுக்குத் தன் டைரியிலேயே ஒரு வரியை நம்ப முடியவில்லை என்றால் அது எப்படிப்பட்ட அசதி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தூங்கினாலும் போகாது.

போன வருடம் ஒரு புதன்கிழமை அக்கா ஃபோன் செய்தாள். இதய வால்வில் ஆபரேஷன், அடுத்த செவ்வாய்க்கிழமை. அடையாறில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாளாம்.

"பயமா இருக்காக்கா?"

"அதெல்லாம் இல்ல. அறுபத்திரண்டு வயசாச்சு, பயந்து என்ன ஆகப்போறது. உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும்."

"கேளு."

"அன்னிக்கு நீ ஃபோன் பண்ணியா, இல்லையா? டைரில எழுதினத சொல்லாத. நடந்தத சொல்லு."

ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன். பதினெட்டு வருஷம் யோசிச்சது பத்தாதா, இன்னும் நாலு நாள் வேணுமா என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்தப் புரோகிராம் ஒளித்துவைத்த உண்மையான நேரம் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வியாழக்கிழமை 'சொந்தம்' எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்று தெரிந்தால் போதும். நாலு பத்துக்குப் பிறகு எழுதியிருந்தால் நான் ஃபோன் செய்தவன். முன்னால் எழுதியிருந்தால் பொய்யன். சிலேட்டு செத்துப் பல வருடம் ஆகிறது. ஆனால் கம்பெனியை விட்டபோது எல்லாவற்றையும் நகலெடுத்த மெமரி கார்டு பத்திரமாக இருந்தது.

மறுநாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜான்சனிடம் போனேன். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும், சாந்தோமில் மீன்பிடிக் குடும்பம், அவருடைய அண்ணன்கள் இன்னும் கடலுக்குப் போகிறார்கள்.

"இன்னா சார் இது, மியூசியத்துக்குப் போவ வேண்டியத என்கிட்ட எத்துகினு வந்துகீறீங்க" என்று சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பூட்ச்சி. கார்டு நல்லா கீது. கவலய வுடுங்க, கம்ப்யூட்டர் உள்ளயே ஓட்டிக்கலாம்."

"உள்ளயேன்னா?"

"எமுலேட்டர்னு ஒண்ணு கீது சார். இந்தப் பொட்டி எப்டி ஓடுமோ அப்டியே ஸ்கிரீன்ல ஓட்டும். பட்டன், எழுதற எடம், அல்லாம் வரும். குச்சிக்கு பதிலா மவுஸு."

"விலை என்ன?"

"ஓப்பன் சோர்ஸ் சார், ஓசிதான். எங்கெங்கயோ குந்திகினு நாலு கிறுக்கனுங்க எழுதி வச்சிகீறானுங்க. இந்தப் பொட்டிய ஒருத்தனும் வாங்க மாட்டான், விக்க மாட்டான். ஆனா சாவ மட்டும் வுட மாட்டானுங்க."

ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கிப்போட்டிருந்த பழைய சாமான் பெட்டியிலிருந்து அதே மாதிரி ஒன்றைத் தேடியெடுத்து, அதற்குள்ளிருந்த அடிப்படைப் புரோகிராமை நகலெடுத்து, என் கார்டையும் சேர்த்து, இரண்டு மணி நேரத்தில் திரையில் சிலேட்டைக் கொண்டுவந்துவிட்டார். பச்சைச் சாம்பல் திரை, கீழே நாலு பட்டன். என்னை அறியாமல் கை சட்டைப் பையில் குச்சியைத் தேடியது. கடிகாரம் நான் நகலெடுத்த நாளில் நின்றிருந்தது, அப்பா போய் ஐந்து மாதம் கழித்து ஒரு தேதி. இன்றைய தேதிக்கு மாற்றட்டுமா என்று கேட்டார். எதையும் மாற்ற வேண்டாம் என்றேன். கார்டின் ஓரத்தில் இருந்த சின்னப் பூட்டையும் தள்ளிவிட்டார், இனி அதில் யாரும் எதையும் எழுத முடியாது.

அந்த வியாழக்கிழமையில் ஐந்து பதிவுகள் இருந்தன. நாலு டாக்டர், ஒரு சொந்தம். ஒளிந்திருந்த நேரத்தைக் கண்டுபிடித்து ஜான்சன் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார். ஐந்தும் மதியம் ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கும் ஒன்றேகாலுக்கும் நடுவில் எழுதப்பட்டவை.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாரி ஆயிடிச்சி" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். பஸ்ஸில் வரும்போது தாளை நாலாக மடித்தேன், பிரித்தேன், மடித்தேன். நான் பொய்யன். தெரிந்தாகிவிட்டது. சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மூன்றரைக்கு வீடு வந்து, அக்காவுக்கு நானே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கணினியில் சிலேட்டைத் திறந்தேன். ஜான்சன் எல்லாவற்றையும் என் கணினியிலும் போட்டுக் கொடுத்திருந்தார். வெயில் ஜன்னல் வழியாக மேஜையில் பாதிவரை வந்திருந்தது, எதிர்வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். பட்டப்பகல். வியாழக்கிழமையைத் திறந்தால் பட்டியலில் ஆறு வரி இருந்தது. தாளை எடுத்து வைத்து எண்ணினேன். தாளில் ஐந்து. திரையில் ஆறு. ஆறாவதைத் தொட்டேன். குறிப்புப் பெட்டி காலியாக இருந்தது, கர்சர் மட்டும் சிமிட்டியது.

பிறகு அதில் எழுத்து வந்தது. நம்பினால் நம்புங்கள், என் வலது கை அப்போது மேஜைக்கு மேல்கூட இல்லை, மடியில் இருந்தது. மவுஸ் நகரவில்லை. ஒரு எழுத்து, ஒரு இடைவெளி, அடுத்த எழுத்து, மூச்சு வாங்கி வாங்கி எழுதுவதுபோல. எஸ். கே. ஆர். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மீண்டும். ஆங்கில எழுத்தில் தமிழ், உயிர் ஒலிகள் ஒன்றுகூட இல்லை. மற்றவர்களுக்கு அது எழுத்துக் குவியல். நான் அப்பா எழுதியதை நான்கு நாள் அப்படியேதான் படித்துப் பழகியிருந்தேன்.

சேகர் தூங்குகிறான். எழுப்ப வேண்டாம்.

கர்சர் அதற்கடுத்து நின்று சிமிட்டிக்கொண்டே இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு மணி எட்டு நிமிடம். டைரியில் எழுதினேன். எழுந்துபோய் முகம் கழுவினேன். பயந்தேனா என்றால், இல்லை, அது வேறு ஏதோ. யாரோ என் தோளில் போர்வையை இழுத்துவிட்டது மாதிரி இருந்தது, அந்த வெயிலில்.

கணினியை அணைக்கவில்லை. ஜான்சனைக் கூப்பிட்டேன், ஆறு மணிக்கு லேப்டாப்போடு வந்தார். தன் லேப்டாப்பில் அதே கார்டைத் திறந்தார், அதில் ஐந்து பதிவுதான். என் கணினியில் ஆறு. என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"சார், கோச்சிக்காதீங்க. தூக்கக் கலக்கத்துல நீங்களே எழுதிட்டீங்களா?"

அதை நானும் யோசித்திருந்தேன். இருக்கலாம் என்றேன். அவர் ஆறாவது பதிவின் நேரத்தைத் தேடி எடுத்தார். நாலு பத்து. அதே வியாழக்கிழமை, பதினெட்டு வருடத்துக்கு முன்பு.

"நீங்க எழுதி இருந்தாலும் இந்தத் தேதி எப்டி சார் வுழும்? உள்ள இருக்கற கடியாரம் அதுக்கு அஞ்சு மாசம் தள்ளி நிக்கிது. இன்னிக்கி எழுதனா அந்தத் தேதிதான வரணும்."

"புரோகிராம்ல ஏதாவது கோளாறு இருக்குமா?"

"வேற கம்பெனிது இருந்தா உள்ள இன்னா வச்சிகீறானோன்னு சொல்லலாம். இது தொறந்த வூடு சார். மொத்தத்தையும் யாரு வேணா படிச்சிக்கலாம். ராத்திரி பாக்கறேன்."

மறுநாள் காலை ஜான்சன் ஃபோன் செய்து, நேரம் எழுதும் இடத்தை மட்டும் மூன்று தடவை வரி வரியாகப் படித்தேன், அப்படி நடக்க அதில் வழியே இல்லை என்றார். அந்தக் கிறுக்கர்கள் கூடும் இடத்திலும் கேட்டாராம். ஒருவர் முடியாத காரியம் என்றாராம், இன்னொருவர் ஃபைலை அனுப்பு என்றாராம். அனுப்ப வேண்டாம் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே அடையாறுக்கு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவள் கேட்கவில்லை. நாலு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கி, இரண்டு மாடியையும், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினாள். நான் கையைப் பிடிக்கப் போனால் தட்டிவிட்டாள்.

"பதினெட்டு வருஷத்துல ஒரு லிஃப்டு வெக்கத் துப்பில்ல இந்தக் கட்டடத்துக்கு" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். உதடு லேசாக நீலமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

முதலில் தாளைக் கொடுத்தேன். டீக்கடையையும், முன்கூட்டியே எழுதும் பழக்கத்தையும், ஒரு மணி ஐந்து நிமிடத்தையும், எதையும் விடாமல் சொன்னேன். "நான் ஃபோன் பண்ணலக்கா. பண்ணினேன்னு பொய் எழுதினேன். அப்புறம் அந்தப் பொய்யையே நம்பிட்டேன்."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தினமும் டைரி எழுதறவன்" என்றாள் மெதுவாக. "யோக்கியன்னு நெனச்சு எத்தனை பேர் உன் பக்கம் பேசினாங்க தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நாலு மணிக்கு என்னதாண்டா பண்ணின?"

திரையைக் காட்டினேன். அவளுக்கு அந்த எழுத்து புரியவில்லை, நான் படித்துக் காட்டினேன். எப்போது வந்தது, எப்படி வந்தது என்பதையும் சொன்னேன், சொல்லும்போதே எனக்கே கேவலமாகத்தான் இருந்தது, தப்பைச் செய்துவிட்டு அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவன்போல. அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனாள். எஸ். கே. ஆர். என்ற எழுத்துகளை விரலால் தொட்டாள்.

"எனக்கு ஹாஸ்டலுக்கு அப்பா போடற போஸ்ட்கார்டெல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்றாள். "வார்டன் என்னடி இது, தந்தியான்னு கேப்பா."

நான் டிகாக்ஷன் போட உள்ளே போகலாமா என்று நினைத்தபோது, அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து, முதுகைத் திருப்பியபடியே சொன்னாள்.

"நான் அன்னிக்கு நாலு மணிக்கு வீட்ல இல்லடா."

நான் மேஜையை விட்டு அவள் பக்கம் போனேன்.

"ஸ்கூல்லேர்ந்து டீச்சர்ங்களோட தீபாவளிப் புடவை எடுக்கப் போயிட்டேன். ஏழு மணிக்குத்தான் வந்தேன். நீ ஃபோன் பண்ணி அது அடிச்சு அடிச்சு நின்னிருக்குமோன்னு பத்தாம் நாள் நீ அதக் காட்டினப்ப எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப் போச்சு. அப்பா அங்க கெடக்கறாரு, நான் மாம்பழக் கலரா, ராமர் பச்சையான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அதனாலதான் வீட்ல இருந்தேன்னு சாதிச்சேன். நீ பொய்யன்னு ஆனாத்தான் நான் தப்பிப்பேன்."

"நான் பொய்யன்தான்."

"ரெண்டு பேரும்தான்" என்று சொல்லி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "நல்லா வளத்தாரு நம்மள."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று சரியாகக் குறிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் கணினியிலிருந்து ஒரு சின்ன ஒலி வந்தது. சிலேட்டில் ஒரு பதிவை முடித்து மூடினால் வரும் 'டிக்'. திரும்பிப் பார்த்தேன், குறிப்புப் பெட்டி மூடி, பட்டியல் வந்திருந்தது. மவுஸ் பக்கத்தில் அவளும் இல்லை, நானும் இல்லை. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் கருவி தானாக மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன். இருபத்து நாலு மணி நேரம் மூடாமல் இருந்ததே என்பது பிறகுதான் உறைத்தது. பழக்கத்தில் மணி பார்த்தேன். நாலு முப்பத்திரண்டு.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா இப்போது திருச்சியில் இருக்கிறாள், காலையில் பார்க்கில் நடக்கிறாள். மாதம் ஒரு தடவை மேற்கு மாம்பலத்துக்கு வந்து, என் சமையலறையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போகிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசுவதில்லை.

இதோடு நின்றிருந்தால் நானும் தூக்கக் கலக்கம் என்று முடிவுகட்டி, டைரியில் ஒரு கேள்விக்குறி போட்டு விட்டிருப்பேன். ஒரு மாதம் கழித்து ஜான்சன் கூப்பிட்டார். என் கணினியிலிருந்து அந்த ஆறாவது பதிவை மட்டும் எடுத்துவைத்திருந்தாராம், மனசு கேட்காமல் மறுபடி குடைந்திருக்கிறார். கடைக்கு வரச்சொன்னார். போனேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை.

"சார், அன்னிக்கி நாம பதிவு ஆரம்பிச்ச நேரத்த மட்டும்தான் பாத்தோம். முடிச்ச நேரம்னு இன்னொண்ணு கீது. உங்க கம்பெனிக்காரன் டாக்டராண்ட எத்தினி நிமிஷம் குந்தி இருந்தீங்கன்னு கணக்கு பாக்க வச்சது போல."

ஆரம்பித்தது அந்த வியாழக்கிழமை நாலு பத்து. முடித்தது போன வருடத்து ஞாயிற்றுக்கிழமை நாலு முப்பத்திரண்டு. இன்றைய தேதியே தெரியாத ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்தக் கருவி அதைச் சரியாக எழுதியிருக்கிறது. நடுவில் எத்தனை நிமிடம் என்று ஒரு நீளமான எண் இருந்தது. வீட்டுக்கு வந்து லீப் வருடங்களை எல்லாம் சேர்த்துக் கையால் கணக்குப் போட்டேன். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

கடையிலேயே ஜான்சன் இன்னொன்றையும் காட்டினார். யாரைச் சந்தித்தீர்கள் என்று டாக்டரின் பெயர் எழுத ஒரு கட்டம் உண்டு, அதை நிரப்பாமல் பதிவு தொடங்கவே தொடங்காது. அதில் மூன்று எழுத்து இருந்தது. எஸ், கே, ஆர்.

"இது யாரு சார் டாக்டரு?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒரு பிரதிநிதி அந்தக் கட்டங்களை எப்படிப் படிப்பான் என்று எனக்குத் தெரியும், நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். வந்தவர் இன்ன நேரத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்தார், இன்னாரைப் பார்த்தார், இன்ன நேரத்துக்கு எழுந்து போனார் என்று அர்த்தம். பதினெட்டு வருடமும் என் எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதில் எனக்குப் பெரிய பயம் ஒன்றும் இல்லை. நாலு முப்பத்திரண்டுக்குப் பிறகு அந்த இடம் காலியாக இருக்கிறது என்பதுதான் பயம். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது தினமும் அது தெரிகிறது, இத்தனை வருடம் ஒரு நாளும் தெரிந்ததில்லை.